குற்றாலச் சாரலில் ஒரு கவிதைப் பள்ளி
(ரசிகமணி டி.கே.சி.யின் வாழ்வும் கல்வி நெறியும்)

தென்காசிக்கு மேற்கே மூன்று கல் தொலைவில் குற்றாலம் அமைந்துள்ளது. ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து வந்து சாரல் தூவ, பேரருவியும் ஐந்தருவியும் ஆர்த்து விழும். அருவியைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தவனும், அருவியின்கீழ் ஒரு நாழிகை நின்றவனும் ஒருவரல்லர். முன்னவனுக்கு அருவியைப் பற்றிய செய்தி தெரியும். பின்னவனுக்கு அருவியே தெரியும். கவிதையையும் இவ்வாறே நின்று, நனைந்து அறிதல் வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் வற்புறுத்திய பெரியார் ஒருவர் இவ்வட்டாரத்திலேயே வாழ்ந்தார். அவரே ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் ஆவார்.

அவர் எந்தப் பள்ளியிலும் ஆசிரியராகப் பணியாற்றியவர் அல்லர். எனினும் அவரிடம் கவிதை கற்றவர்களுள் நீதிபதிகளும், பேராசிரியர்களும், அரசு அலுவலர்களும், இதழாசிரியர்களும், பள்ளிப் படிப்பை முடிக்காத உழவர் வீட்டு இளைஞர்களும் இருந்தனர். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழும் இல்லை. ஆயினும் கற்றவர்கள் இறுதிவரை மறக்கவில்லை. பள்ளிகளில் பன்னீராண்டுகள் தமிழ் பயின்றும், பயின்ற செய்யுள்களுள் ஒன்றேனும் நெஞ்சில் தங்காமல் வெளியேறும் மாணவர்களை ஆண்டுதோறும் காணும் நமக்கு, இது சிந்திக்கத்தக்க செய்தியாகும்.

இளமையும் கல்வியும்

டி.கே.சி. 1880களின் தொடக்கத்தில் தோன்றியவர். தென்காசியைச் சொந்த ஊராகக் கொண்ட செல்வாக்குள்ள குடும்பம் அவருடையது. தந்தையார் பெயர் தீத்தாரப்ப முதலியார். சென்னையில் கல்லூரிக் கல்வி பெற்றுப் பட்டதாரியாகிச் சட்டமும் பயின்று வழக்கறிஞரானார். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் குடியேறினார். ஆனால் நீதிமன்றத்தில் அவர் மனம் செல்லவில்லை. கட்சிக்காரர்களின் வழக்கைக் காட்டிலும் கம்பரின் வழக்கே அவருக்குப் பெரிதாயிற்று.

பொதுவாழ்வும் அவரை நாடி வந்தது. 1920களின் பிற்பகுதியில் சென்னை மாகாணச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 1930களின் முற்பகுதியில் இந்து அறநிலைய வாரியத்தின் ஆணையர்களுள் ஒருவராகப் பணிபுரிந்தார். ஆயினும் தமிழ்மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது இப்பதவிகளால் அன்று. ரசிகமணி என்னும் ஒரு சொல்லே அவருக்கு நிலைத்த பட்டமாயிற்று. கவிஞர்க்கும் புலவர்க்கும் பட்டம் வழங்கிய நாட்டில், நன்றாகச் சுவைக்கத் தெரிந்தமைக்காகவே ஒருவர் போற்றப்பட்டது தனிச்சிறப்பு.

அக்காலப் பள்ளிகள்

டி.கே.சி.யின் கல்வி நெறியை உணர, அவர் வளர்ந்த காலத்துப் பள்ளிகளைச் சற்று நோக்குதல் வேண்டும். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மாணாக்கர் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். எண்சுவடியும், நிகண்டும், நீதிநூல்களும் நெட்டுருச் செய்தனர். சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோர்க்குப் பாடம் சொன்னான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார் இம்முறையைக் கண்டு வியந்து, இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கு அது சென்னை முறை என்றே பெயர் பெற்றது.

திண்ணைப் பள்ளியின் நெட்டுருவில் ஒரு நன்மை இருந்தது. பாடல் வாய்விட்டு, ஓசையுடன் சொல்லப்பட்டது. பொருள் பின்னர் விளங்கினும், ஓசை முன்னரே காதில் குடியேறிவிடும். ஆங்கிலக் கல்வி பரவியபின் நெட்டுரு நீங்கவில்லை, ஓசைதான் நீங்கிற்று. செய்யுளை மனனம் செய்த இடத்தில், செய்யுளுக்கு எழுதப்பட்ட உரையை மனனம் செய்யும் வழக்கம் வந்தது. அருஞ்சொற்பொருள், பொழிப்புரை, இலக்கணக்குறிப்பு ஆகிய மூன்றும் தேர்வுக்கு உரியவை. பாடல் அவற்றைத் தொங்கவிடும் ஆணி. மேலும், ஆங்கிலமே பயிற்று மொழியாக இருந்த காலத்தில் தமிழ் இரண்டாம் நிலைப் பாடமாகவும், தமிழாசிரியர் ஊதியத்திலும் மதிப்பிலும் தாழ்ந்தவராகவும் வைக்கப்பட்டனர். இச்சூழலில்தான் டி.கே.சி.யின் குரல் எழுந்தது.

வட்டத்தொட்டி

வண்ணார்பேட்டையில் அவர் வாழ்ந்த வீடு, நெல்லைச் சீமையின் பழைய முறைப்படி தொட்டிக்கட்டு அமைந்த வீடு. அதன் தொட்டி வட்ட வடிவில் இருந்தது. 1920களில் அங்கே நண்பர்கள் மாலை வேளைகளில் கூடித் தமிழ்ப் பாடல்களைப் பேசி மகிழத் தொடங்கினர். அக்கூட்டத்திற்கு இடத்தின் பெயரே பெயராகி, வட்டத்தொட்டி எனத் தமிழ் இலக்கிய வரலாற்றில் நிலைபெற்றது.

வட்டம் என்ற அமைப்பே ஒரு கல்விக் கொள்கையைச் சொல்லாமற் சொல்கிறது. வகுப்பறையில் ஆசிரியர் மேடைமீது நிற்பார். மாணவர் வரிசையில் அமர்வர். வட்டத்தில் தலைமாடு கால்மாடு இல்லை. அங்கே வந்தவர்களுள் கல்வியாலும் பதவியாலும் வேறுபட்டோர் பலர். ஆங்கிலப் பேராசிரியர் அ. சீனிவாசராகவன், வருவாய்த் துறை அலுவலராக இருந்து பின்னாளில் கோயிற்கலை பற்றி எழுதிப் புகழ்பெற்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், பிற்காலத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன் முதலியோர் அவ்வட்டத்தின் அணிகலன்கள். மகராஜன் பின்னர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழாக்கியதும், சாகித்திய அகாதெமிக்காகக் கம்பரைப் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியதும் அவ்வட்டத்தில் விழுந்த விதையின் விளைவுகள் எனலாம். கல்கியும் இராஜாஜியும் டி.கே.சி.யின் நெருங்கிய நண்பர்களாயினர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய இனிய பாடல்களைத் தமிழுலகம் உணருமாறு எடுத்துரைத்ததில் டி.கே.சி.க்குப் பெரும்பங்கு உண்டு.

அவர் பாடம் சொன்ன முறை

வட்டத்தொட்டியில் டி.கே.சி. பாடல்களை விளக்கிய முறையை அவருடன் பழகியோர் பலர் எழுதி வைத்துள்ளனர். அதனைத் தொகுத்து நோக்கினால் மூன்று படிகள் புலனாகின்றன.

முதலாவது, சூழலை அமைத்தல். பாடலைச் சொல்வதற்கு முன், அது எழுந்த இடத்தையும் நிலைமையையும் கேட்போர் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவார். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், அந்நேரத்தில் அவர் உள்ளத்தில் என்ன கொந்தளிக்கிறது என்பதை, அன்றாட வாழ்விலிருந்து எடுத்த எளிய செய்திகளால் உணர்த்துவார். பாடல் வருவதற்கு முன்பே கேட்பவர் உள்ளம் பாடலுக்காகக் காத்திருக்கும்.

இரண்டாவது, பாடலைச் சொல்லுதல். ஒருமுறை ஓடவிட்டுப் போவதில்லை. நிறுத்தி, நிதானமாக, சொல்லுக்குச் சொல் உணர்ச்சி புலப்படுமாறு மீண்டும் மீண்டும் சொல்லுவார். கவிதைக்கு உருவம் உண்டு. அவ்வுருவம் ஓசையிலும் தாளத்திலும் இருக்கிறது. உருவத்தைச் சிதைத்து உரைநடையாக்கினால் கவிதை கையில் சிக்காது என்பது அவர் கொள்கையின் உயிர்நாடி.

மூன்றாவதாகவே விளக்கம் வரும். அதுவும் கேட்போர் தாமே கண்டுகொண்டதை உறுதிப்படுத்தும் அளவில் அமையும். நம் பள்ளிகளில் இவ்வரிசை தலைகீழாக இருப்பதை ஆசிரியர்கள் அறிவர். முதலில் ஆசிரியர் குறிப்பு, பின்னர் நூற்குறிப்பு, பின்னர் அருஞ்சொற்பொருள், இறுதியில் நேரமிருந்தால் பாடல்.

இம்முறையால் நேர்ந்த பயனுக்கு முத்தொள்ளாயிரம் ஒரு சான்று. அந்நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வழியாக நூற்றுச் சொச்சம் வெண்பாக்களே எஞ்சின. புலவர் மட்டுமே அறிந்திருந்த அவ்வெண்பாக்களை டி.கே.சி. சுவைபட விளக்கி நூலாக்கியபின், அவை பொதுமக்களின் செல்வமாயின. கல்கி இதழில் கம்பர் பாடல்களை விளக்கி அவர் தொடர்ந்து எழுதியவற்றைத் தமிழ் படித்திராதவரும் விரும்பிப் படித்தனர்.

தாய்மொழியும் இசையும்

அனுபவம் வேண்டும் என்று சொன்னவர், அனுபவத்திற்குக் குறுக்கே நிற்பவை எவை என்றும் ஆராய்ந்தார். அவற்றுள் முதன்மையானது அயல்மொழி வழிக் கல்வி என்பது அவர் முடிவு. ஆங்கில இலக்கியத்தை அவர் வெறுத்தவர் அல்லர். அதில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆயினும் குழந்தை தன் வீட்டில் பேசும் மொழியில் சிந்திக்கவும் சிரிக்கவும் முடியாதவாறு செய்யும் பள்ளி, குழந்தையின் உள்ளத்தை ஊமையாக்குகிறது என்று அவர் கருதினார்.

இதே கொள்கை அவரைத் தமிழிசை இயக்கத்திற்கு அழைத்துச் சென்றது. பொருள் விளங்காத மொழியில் பாடலைக் கேட்டுத் தலையசைப்பதும், பொருள் விளங்காத செய்யுளை ஒப்புவிப்பதும் ஒரே குறையின் இரு வடிவங்கள் என அவர் கண்டார். 1940களின் தொடக்கத்தில் அண்ணாமலை அரசர் முன்னின்று வளர்த்த அவ்வியக்கத்தில் இராஜாஜி, கல்கி ஆகியோருடன் இவரும் உறுதியாக நின்றார். 1939இல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோதும் அதற்குத் துணைநின்றவர்களுள் டி.கே.சி. முதன்மையானவர்.

இக்காலத்திலேயே உலகின் பிற பகுதிகளிலும் இதனையொத்த சிந்தனைகள் எழுந்தன. வங்கத்தில் இரவீந்திரநாத் தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் மரநிழலில் பள்ளி நடத்தினார். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலின் வழியே கற்கும் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1938இல் அனுபவத்திற்கும் கல்விக்கும் உள்ள உறவைப் பற்றித் தனிநூலே எழுதினார். இவர்கள் பள்ளி முழுவதையும் மாற்ற முயன்றார்கள். டி.கே.சி.யோ ஒரு பாடலைக் கற்பிக்கும் அரைமணி நேரத்தை மாற்றிக் காட்டினார். தனியொரு தமிழாசிரியர் தம் வகுப்பில், யாருடைய ஆணைக்கும் காத்திராமல், நாளையே செய்யத்தக்கது இதுவேயாகும்.

குற்றாலத்தில் கூடியோர்

பிற்காலத்தில் டி.கே.சி. குற்றாலத்தில் வந்து தங்கினார். வட்டத்தொட்டியும் அவருடன் குற்றாலத்திற்கு இடம்பெயர்ந்தது. சாரல் காலத்தில் அவர் இல்லம் விருந்தினரால் நிறைந்திருக்கும். அருவியில் நீராடுதல், தென்பாண்டி நாட்டு உணவு, அதன்பின் கம்பர் என்பது அங்கு நாள்முறை. உண்ணலும் நீராடலும் கவிதை கேட்டலும் வேறு வேறு அல்ல. யாவும் சுவைத்தலே என்பதை வந்தவர்கள் சொல்லாமலே கற்றனர். அருகிலுள்ள மேலகரத்தில் தோன்றிய திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியை, அது பாடிய மலையடிவாரத்திலேயே இருந்து கேட்கும் பேறும் அவர்களுக்கு வாய்த்தது.

அங்கு வந்த இளைஞர்களுள் கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணனும் ஒருவர். அவர் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடிக்காதவர், வேளாண் குடியினர். அவரும் அவ்வூர் நண்பரான கு. அழகிரிசாமியும் டி.கே.சி.யைத் தம் ஆசானாகப் போற்றினர். மக்கள் பேசும் தமிழின் அழகைக் காதால் சுவைக்கும் பயிற்சி பெற்ற கி.ரா., கரிசல் நிலத்தின் பேச்சுவழக்கை இலக்கியமாக்கினார். 1980களின் இறுதியில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சிறப்புப் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1991இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றார். 2021இல் அவர் மறைந்தபோது அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடைபெற்றது. பள்ளியால் முடியாததை ஒரு வட்டம் செய்து முடித்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நேரில் வர இயலாதவர்களுக்கு அவர் கடிதங்கள் எழுதினார். அவர் மறைவுக்குப்பின் நூலாகத் தொகுக்கப்பட்ட அக்கடிதங்கள், தொலைவிலிருந்தோர்க்கும் பாடம் சொன்ன பாங்கினை விளக்குகின்றன. 1954 பிப்ரவரி 16ஆம் நாள் அவர் குற்றாலத்தில் காலமானார்.

மனப்பாடம் பகையா?

இங்கே ஓர் ஐயம் எழும். அனுபவமே வேண்டும் என்றால் மனப்பாடம் கூடாதா? நம் சமுதாயத்தில் இவ்வினாவிற்குத் தனியிடம் உண்டு. திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏந்திய ஹாபிழ்களைப் போற்றும் சமுதாயம் இது. கோட்டாற்றை அடுத்த இடலாக்குடியில் தோன்றிய செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு செயல்களை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்திச் சதாவதானம் செய்து காட்டியதும், டி.கே.சி.யின் காலத்தில், நம் தென்கோடியில் நிகழ்ந்ததே.

டி.கே.சி.யும் எண்ணற்ற பாடல்களை நெஞ்சில் தாங்கியவரே. அவர் ஏடு பார்த்துப் பாடல் சொன்னாரல்லர். ஆதலின் மனப்பாடத்தை அவர் பகைத்தார் என்பது பொருந்தாது. பாவலரின் நினைவாற்றலுக்குப் பின்னே தமிழ்ப் புலமையும், ஹாபிழின் மனனத்திற்குப் பின்னே பக்தியும் ஓசையொழுங்கும் நிற்கின்றன. பொருளும் ஓசையும் அன்பும் இல்லாமல், மதிப்பெண்ணுக்காக மூன்று மணி நேரம் மட்டும் சுமக்கப்படும் மனனமே பயனற்றது. விரும்பிய பாடல் தானே மனத்தில் தங்கும். மனத்தில் தங்கிய பாடல் வயது ஏற ஏறப் புதிய பொருள் தரும். மனப்பாடம் சுவையின் கனியாக வரவேண்டும். சுவைக்குப் பதிலாக வருதல் கூடாது.

எதிர்ப்பும் படிப்பினையும்

டி.கே.சி.யைப் போற்றுவோர் அவர்மீது சுமத்தப்பட்ட குறையையும் மறைத்தல் நேர்மையாகாது. கம்பராமாயணத்தில் பதினாயிரத்திற்கு மேற்பட்ட பாடல்கள் வழங்குகின்றன. அவற்றுள் பெரும்பகுதி பிறர் செருகியவை என்று டி.கே.சி. துணிந்தார். தம் காதுக்கும் உள்ளத்திற்கும் கம்பரின் குரலாகப் பட்டவற்றை மட்டுமே தேர்ந்து, சில இடங்களில் சொற்களையும் மாற்றி, கம்பர் தரும் இராமாயணம் என வெளியிட்டார். ஏட்டுச்சான்று இன்றிச் சுவை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு பாடம் திருத்துதல் முறையன்று என்று புலவர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் நியாயமானதே.

அவர் காலத்திலேயே வாழ்ந்த உ.வே. சாமிநாதையர், ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி, பல படிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்துப் பதிப்பித்தார். தமக்கு விளங்காத சொல்லையும் அவர் மாற்றவில்லை. விளங்கும் நாள் வரும் எனக் காத்திருந்தார். ஐயர் நமக்குப் பாடலைக் காத்துத் தந்தார், டி.கே.சி. அப்பாடலுக்குள் நுழையும் வழியைக் காட்டினார். தமிழாசிரியர்க்கு இரண்டும் வேண்டும். அனுபவம் தொடக்கமாக இருக்கலாம். அதுவே இறுதித் தீர்ப்பு ஆகிவிடக் கூடாது. தன் சுவையைச் சான்றுகொண்டு சோதித்துப் பார்க்கும் பணிவையும் மாணவனுக்குக் கற்பித்தால்தான் அனுபவக் கல்வி முழுமை பெறும்.

அவர் ஊட்டிய சுவை சமய எல்லைகளையும் கடந்தது. நாகூரில் பிறந்து சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்த நீதியரசர் மு.மு. இஸ்மாயில், 1975இல் சென்னைக் கம்பன் கழகம் உருவாக முன்னின்று, கம்பரை ஆழ்ந்து ஆராய்ந்து நூல்கள் பல எழுதினார். கவிதையை வாழ்வின் அனுபவமாகக் காணும் உள்ளத்திற்கு வேலி இல்லை என்பதை அவர் வாழ்வும் மெய்ப்பித்தது.

நம் வகுப்பறைகளுக்கு

தமிழ்நாட்டில் 2000க்குப்பின் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் புகுத்தப்பட்டது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு தாமே கற்றனர். பாடநூல்களும் பலமுறை திருத்தம் பெற்றன. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் நெருங்கும்போது, வட்டம் கலைந்து வரிசையாகிறது. வினா விடைத் தொகுப்பு கைக்கு வருகிறது. கல்லூரியிலும் இந்நிலை தொடர்வதை மறுப்பதற்கில்லை.

தென்காசி 2019இல் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. இவ்வட்டாரப் பள்ளியில் குற்றாலக் குறவஞ்சி பாடமாக வரும்போது, மந்திகளும் வானரங்களும் கொஞ்சும் அம்மலைக்கு மாணவர்களை ஒருநாள் அழைத்துச் செல்லுதல் அரிய செயலா? அருவிக்கரையில் அமர்ந்து, அருவியின் ஓசையோடு அப்பாடலின் துள்ளலையும் கேட்கச் செய்தால், சந்தம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுமா? அழைத்துச் செல்ல இயலாத ஊர்களில், நாற்பத்தைந்து மணித்துளிப் பாடவேளையில் முதல் பத்து மணித்துளியைப் பாடலை வாய்விட்டுச் சொல்வதற்கு ஒதுக்கலாம். பொருளுரை தருமுன் மாணவர்க்கு என்ன தோன்றுகிறது எனக் கேட்கலாம். தேர்வில் ஒரு வினாவேனும், முன்பின் அறியாத பாடலொன்றைத் தந்து, மாணவர் தாமே உணர்ந்ததைத் தம் சொற்களில் எழுதுமாறு அமைக்கலாம். இவற்றிற்குப் பொருட்செலவு இல்லை; ஆசிரியர் தாம் முதலில் அப்பாடலைச் சுவைத்திருத்தல் ஒன்றே முதலீடு.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். உங்கள் பாடநூலிலிருந்து உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு பாடலைத் தேர்ந்துகொள்ளுங்கள். தேர்வுக்கு வாராத பாடலாயினும் கவலையில்லை. உரையை மூடிவைத்துவிட்டு, நான்கு நண்பர்களுடன் வட்டமாக அமர்ந்து, அதனை வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். விளங்காத சொல் எதிர்ப்பட்டால் அப்போது அகராதியைத் திறங்கள். வண்ணார்பேட்டை வீட்டுத் தொட்டியில் நிகழ்ந்தது இவ்வளவே. அதைத் தொடங்குவதற்கு வேண்டியவை ஒரு பாடலும், அதைக் கேட்கும் காதுகளும் மட்டுமே.